கை நீட்டினால் வெளியே

என் அண்ணனிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் பட்டறையில் இரண்டு பேர்தான். ஒருத்தி நான். இன்னொன்று சுவர்க் கடிகாரம். அதுவும் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பித்தது.

பட்டறையில் அவனுக்கு இடி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவனும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பான். எங்கள் அப்பா வாயால் பேசியதைவிட பெல்ட்டால் பேசியது அதிகம். மீசை அரும்பிய வயதில் அண்ணன் ஒருநாள் அந்த பெல்ட்டைப் பாதி வீச்சிலேயே பிடித்துக்கொண்டான். பிடித்து இழுத்த இழுப்பில் அப்பா அலமாரியில் மோதி, கண்ணாடி உடைந்து, நெற்றி கிழிந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போன முதல் இடத்தில் மேஸ்திரிக்கு முன்பல் போயிற்று. இரண்டாவது இடத்தில் முதலாளியின் கார் கண்ணாடி. நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. முரடனை முரடன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் என் கூடப் பிறந்த முரடன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டறை என்றால் நாங்களே வைத்த, இரும்புத் தகடு வெட்டும் பட்டறை. நான் கம்ப்யூட்டரில் வடிவம் வரைந்து கொடுப்பேன். இயந்திரத்தின் கை அந்தக் கோட்டின் மேலேயே நெருப்பைக் கக்கிக்கொண்டு போய்த் தகட்டை வெட்டும். கையைச் சுற்றிக் கண்ணாடி போட்ட காப்புக் கதவு உண்டு. ஒருநாள் தகடு சிக்கிக்கொள்ள, அண்ணன் கதவைத் திறந்து இடது கையை உள்ளே விட்டான். நின்றிருந்த இயந்திரம் தானாக நகர்ந்தது. இரண்டு விரல்கள் தகட்டின் மேலேயே கிடந்தன. அவன் கத்தவில்லை. வலது கையால் அவற்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, ஆட்டோவைக் கூப்பிடு" என்றான். சதை கருகிய வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

விரல்களை ஒட்ட முடியவில்லை. இயந்திரக் கம்பெனியிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். "கதவைத் திறந்தா மெஷின் நிக்கற வசதி இருக்கு சார். ஆனா அதைத் தனியா வாங்கணும்" என்றார். அண்ணன் அந்த டையைப் பிடித்து அவரைக் கட்டிலுக்கே இழுத்து, கட்டுப் போட்ட கையாலேயே முகத்தில் குத்தினான். தையல் பிரிந்து படுக்கையெல்லாம் ரத்தம். அந்த ஒரு அடி மட்டும் எனக்கு இனித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கை ஆறும்வரை அவனுக்கு வேலை இல்லை. சும்மா இருந்தால் யாரையாவது அடிப்பான் என்று என் கம்ப்யூட்டரை அவன் முன்னால் வைத்தேன். அவன் இணையத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அந்த இயந்திரத்தை ஓட்டச் சொந்தமாக ஒரு நிரல் எழுதத் தொடங்கினான். கதவு திறந்தால் இயந்திரத்தின் கை நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவன் நோக்கம். மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது. அதற்கு 'நில்' என்று பெயர் வைத்தோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம் என்று இணையத்தில் போட்டோம். பட்டறையில் இருந்தவர்களும் அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஆளுக்கு ஒரு துண்டு எழுதினார்கள். எங்கெங்கோ இருக்கிற பட்டறைகள் நில்லை ஏற்றிக்கொண்டு, புரியாத மொழிகளில் நன்றி எழுதின. பதில் எழுதுவது என் வேலை.

இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். அவர் வேறொரு அலுவலகத்தில் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, அதிராத பேச்சு. நில் என்ற பெயரை அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். "என் ஆபீஸ்ல இதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க. உன் பேர்ல போட்டுடறேன்" என்றார். வீட்டுக் கரண்ட் இணைப்பே என் பேரில்தான் இருந்தது. இதையும் அப்படித்தான் நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகுதான் அந்த இயந்திரக் கம்பெனி மூக்கை நுழைத்தது. எங்கள் வரிகளை எடுத்துத் தங்கள் இயந்திரத்தில் போட்டுக்கொண்டார்கள். அதில் தப்பில்லை, எடுத்துக்கொள்ளத்தானே வைத்திருக்கிறோம். ஆனால் கதவு திறந்தால் நிற்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதை மறுபடியும் தனியாக விற்றார்கள். விற்பதற்கு நில் என்ற பெயரும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நில் என்று எழுதியிருந்தால் நிற்கும் என்று நம்பித்தான் உலகத்தில் எவனோ ஒருவன் கதவைத் திறந்து கையை உள்ளே விடுவான். அதை நினைத்தாலே அண்ணனுக்கு வெறி பிடிக்கும். சுவரில் குத்திக் குத்தி முட்டி பெயர்ந்திருக்கும்.

இந்த மாதிரித் திட்டங்களைப் பாதுகாப்பதற்கென்றே ஒரு அறக்கட்டளை இருக்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். அவர்களுடைய வக்கீலம்மா நேரிலேயே வந்தார். இரும்புத் தூள் அப்பிய நாற்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"நீங்க எழுதினது உங்களுக்கே சொந்தம். அது எங்களுக்கு வேண்டாம். எல்லாரும் பயன்படுத்தலாம்னு, திரும்பப் பெற முடியாத ஒரு அனுமதி மட்டும் குடுங்க. ஆனா பேரும் இணைய முகவரியும் எங்க கிட்ட வந்துடணும்."

"பிள்ளையை நானே வளர்க்கணும், பேரை மட்டும் உங்களுக்கு எழுதிக் குடுக்கணுமா?" என்றான் அண்ணன்.

"பேர் ஒரு ஆள் கையில இருந்தா அந்த ஆளை விலைக்கு வாங்கலாம் சார். எங்களை வாங்க முடியாது."

"சரி, என் யோசனையை எவனாவது தூக்கிட்டுப் போனா?"

"யோசனைக்கு யாரும் சொந்தக்காரங்க இல்ல. எழுதின வரிக்குத்தான்" என்றார் அவர். அண்ணன் அதை அக்கிரமம் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டே திரிந்தான்.

அப்புறம் வக்கீலம்மா போட்டார் ஒரு குண்டு. நில்லில் ஒரு வரியாவது எழுதியவர்கள் எல்லோரும் அந்த அனுமதியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒருவர் மறுத்தாலும் அவர் எழுதியதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு எழுத வேண்டும். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நில்லில் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அவன் கையால் அடி வாங்கி வேலையை விட்டுப் போனவர்கள்.

வேறு வழியில்லாமல் தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். வெல்டிங்காரர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார், ஜன்னல் வழியாகத்தான் கையெழுத்துக் கிடைத்தது. பெயின்ட் அடிப்பவரின் மனைவி அண்ணன் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "இப்ப உள்ள வாங்க" என்றாள். அவன் சொட்டச் சொட்ட உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தான். அவன் எதையும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தவர் லேத்தில் இரும்பு கடையும் கடைசல்காரர். கதவு திறந்த சேதியை இயந்திரத்திடமிருந்து வாங்கிக் கையை நிறுத்தும் பகுதி அவர் எழுதியது. நில்லுக்கு அதுதான் உயிர். ஒரு சின்ன வாக்குவாதத்தில் அண்ணன் இரும்புக் குழாயால் அடித்து அவர் தாடையை உடைத்திருந்தான். இப்போது அவர் பேசினால் வாய் ஒரு பக்கமாகக் கோணும்.

அவர் தன் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசையில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு. வாங்கிக்கறியா?"

"வாங்கிக்கறேன்."

நான் நடுவில் போனேன். அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஸ்பேனர் அவன் விலாவில் இறங்கிய சத்தம் பச்சை விறகு ஒடிவது போல இருந்தது. அவன் முட்டி போட்டு விழுந்தான். வாயில் வந்ததைத் துப்பிவிட்டு, "தாளைக் குடு தங்கச்சி" என்றான். கடைசல்காரர் ஸ்பேனரை மேசையில் போட்டார். அடித்துப் பழக்கம் இல்லாதவர். அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கையெழுத்துப் போடறேன். ஆனா ஒரு விதியைச் சேர்க்கணும்" என்றார். "யார் மேலயாவது கை நீட்டினா வெளிய. அதுக்கப்புறம் அவன் எழுதற ஒரு வரி கூட உள்ள வரக் கூடாது. எவனா இருந்தாலும்."

"போட்டுக்கோ" என்றான் அண்ணன், விலாவைப் பிடித்தபடி.

வக்கீலம்மாவுக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணன், நான், கடைசல்காரர் மூவரும் நில்லின் குழு என்று ஆயிற்று. கை நீட்டியவரை நீக்க மற்ற இருவரும் கை தூக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். பெயரை மாற்றிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. பெயர் என்னிடம் இருந்தது.

அன்றைக்குப் பட்டறையின் மாடி அறையில் எல்லோரும் கூடினோம். என் வீட்டுக்காரரும் இணைய முகவரியை மாற்றிக் கொடுக்க வந்திருந்தார். நான் பேனாவை எடுக்கும் நேரத்தில், "ஒரு நிமிஷம் வெளிய வா" என்றார். படிக்கட்டு மேடையில் நின்றோம். சட்டைப் பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். கம்பெனியின் தாள்.

"பேரை இவங்களுக்குக் குடும்மா. எனக்கு அங்க பெரிய பதவி தர்றாங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

"எதை? என் பேரையா? எனக்குத் தெரியாமயா?"

"பதிவு பண்ணினது நான்."

"கதவு திறந்தா நிக்கறதையே அவங்க வெட்டிட்டாங்கங்க. எவன் கையாவது போகும்."

"எவன் கையோ போனா நமக்கென்ன?"

நான் அந்தத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தேன். பளாரென்று அறைந்தார். அதிராத பேச்சுக்காரர், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதட்டியது கூட இல்லை. இன்னொரு பிரதி வைத்திருந்தார் போல, அதைக் கைப்பிடிக் கம்பியின் மேல் விரித்து, என் மணிக்கட்டை முறுக்கிப் பேனாவைத் திணித்தார். எலும்பு முறுகுவது எனக்கே கேட்டது. நான் குனிந்து அவர் கையைக் கடித்தேன். தோல் பிய்ந்து வாயில் உப்புக் கரித்தது. அவர் அலறினார். கதவு திறந்தது.

அண்ணன் என் கன்னத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் பார்க்கவில்லை. முதல் குத்திலேயே என் வீட்டுக்காரரின் மூக்கு உடைந்தது. தலைமுடியைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் மோதினான், மறுபடியும் மோதினான். மூன்று விரல் கையால் கழுத்தை நெரித்துக்கொண்டு, மறு கையால் குத்திக்கொண்டே இருந்தான். கடைசல்காரர் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்ததில் என் வீட்டுக்காரர் படிகளில் உருண்டு கீழே போய் விழுந்தார். மேல்படியிலிருந்து கீழ்ப்படிவரை ரத்தம். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. சாகட்டும் என்றுதான் இருந்தது.

அவர் சாகவில்லை. கீழே உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். "பாத்தீங்களா மேடம்? இந்த ரவுடிக் கூட்டத்தை நம்பியா வாங்கறீங்க? இவங்க போட்ட விதியை இவங்களே மதிக்க மாட்டாங்க!"

வக்கீலம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே வந்து தண்ணீர் குடித்தார். நான் வீங்கிய கையால் பெயர் மாற்றும் தாளில் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அவர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"நடந்ததை நான் பாத்தேன். பாக்காத மாதிரி போக முடியாதும்மா. முதல் நாளே விதியை ஓரமா வச்சீங்கன்னா, எங்க ஆளுங்க நில்லை எடுத்துக்க மாட்டாங்க. பேர் உங்க கிட்டயே தங்கிடும். உங்க வீட்டுக்காரர் மறுபடியும் தாளோட வருவார்."

அண்ணன் ஜன்னல் ஓரம் நின்று கையில் இருந்த ரத்தத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னால முடியாது" என்றார் கடைசல்காரர், வாய் கோண. "நான் போட்ட விதிதான். ஆனா தங்கச்சியை அடிச்சவனைத்தானே அடிச்சான்? நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். இதுக்கு நான் கை தூக்க மாட்டேன்."

எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிடவில்லை. எவனோ ஒருவன் முகம் தெரியாத ஊரில் நில் என்ற பெயரை நம்பிக் கதவைத் திறப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. தகட்டின் மேல் கிடந்த இரண்டு விரல்களும் தெரிந்தன. வீங்கிய கையை நான் தூக்கினேன். தூக்கும்போது அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன் நேரே கடைசல்காரரிடம் போய் நின்றான்.

"தூக்குடா கைய."

"மாட்டேன்."

"தூக்கறியா, இல்ல இன்னொரு பக்கத் தாடையையும் கழட்டட்டுமா?"

கடைசல்காரர் அழுதுகொண்டே கை தூக்கினார். வக்கீலம்மா எழுதிக்கொண்டார். அந்த மிரட்டலையும் சேர்த்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் துணியை மேசையில் போட்டுவிட்டு, ரத்தப் படிகளில் இறங்கி, கீழே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் தாண்டிப் போனான்.

என் வீட்டுக்காரரோடு நான் திரும்பிப் போகவில்லை. அது பெரிய கதையில்லை. அண்ணனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவன் எழுதிய வரிகள் எல்லாம் இன்றும் அவனுக்கே சொந்தம், சட்டப்படி. ஆனால் நில்லுக்குள் அவற்றில் ஒரு புள்ளியைக் கூட அவனால் இனி மாற்ற முடியாது. அவனாகவே எங்கள் பட்டறையை விட்டு, தெருக்கோடியில் இருந்த இன்னொரு பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தான். அங்கேயும் இயந்திரத்தில் ஓடுவது நில்தான்.

சில மாதம் கழித்து அவனைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழையும்போது அவன் ஒரு தடியான ஆளைச் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருந்தான். அந்த ஆள், கதவு எப்போதும் மூடியே இருப்பதாக இயந்திரம் நினைக்கும்படி, கதவின் ஸ்விட்சைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறான். அடிக்கடி நின்றால் வேலை ஓடவில்லையாம். அண்ணன் ஓங்கிய கை என்னைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது.

"இங்க அந்த விதி இல்லல்ல, தங்கச்சி?"

"இல்லண்ணா" என்றேன்.

அறை விழுந்த சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பிறகு அவன் கம்பியைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூன்று விரல் கையைப் பையில் விட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்சம் மூச்சு வாங்கியது. விலா இன்னும் சரியாகச் சேரவில்லை.

"காலையில ஒரு தடவை கதவைத் திறந்து மூடினாத்தான் மெஷின் ஓடணும். திறந்த சேதி வரலைன்னா, எவனோ கம்பி கட்டியிருக்கான்னு அர்த்தம். ஓடவே கூடாது" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். "நான் எழுத முடியாது. தெரியும். ஆனா யோசனைக்குச் சொந்தக்காரன் கிடையாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? எடுத்துட்டுப் போ."

நான் வக்கீலம்மாவிடம் கேட்டேன். யோசனை எங்கிருந்தும் வரலாம், வரி மட்டும் அண்ணனுடையதாக இருக்கக் கூடாது என்றார். கடைசல்காரர் உட்கார்ந்து எழுதினார். எழுதும்போது தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இப்போது எந்த ஊரில் எந்தப் பட்டறையில் நில்லை ஏற்றினாலும், காலையில் கதவை ஒரு முறை திறந்து மூடச் சொல்கிறது. திறந்து மூடாவிட்டால் நகர மாட்டேன் என்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எங்கிருந்தோ ஒருவர் எரிச்சலோடு கேட்டு எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தவள் அழுதுவிட்டேன். பதிலில் காரணத்தை மட்டும் சொன்னேன். என் அண்ணனைப் பற்றி அங்கே எழுத இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.